நேசன் அண்ணாவின் வைனும் என் நிபுணத்துவமும்

ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாத ஒரு விஷயத்தில் நிபுணராவதைப் போலச் சுகமான வேலை வேறில்லை. கேள்வி கேட்க ஆளில்லை, பிழை பிடிக்கவும் ஆளில்லை. அப்படித்தான் நான் திருகோணமலையில் பிரெஞ்சு வைன் நிபுணரானேன். எனக்கு உட்துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு ஹார்ட்வெயார் கடை. கயிறு, ஆணி, பெயின்ற், வார்னிஷ், படகுக்காரர்களுக்கு வேண்டிய மற்றச் சாமான்கள் எல்லாம் விற்கிறேன். (இதற்கும் வைனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஊரே கேட்கவில்லை.)

என்னுடைய தகுதி, தென் பிரான்சின் கடலோரத்தில் புரோவான்ஸ் என்கிற பகுதியில் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், நின்றது. என் பெரியம்மாவின் ஒரே மகன் நேசன் அண்ணா அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தார். பாரிஸில் ஒரு கலியாண வீட்டுக்குப் போன நான், அப்படியே ரயிலேறி அவரிடம் போய் இறங்கினேன். திராட்சை வெட்டுகிற காலம். மலைச்சரிவில் கல்லடுக்கி, படிப்படியாகத் தோட்டம். கீழே எங்கள் கடலைப் போலவே நீலமாக ஒரு கடல். வெயிலும் எங்கள் வெயில்தான். ஆனால் அங்கே அதற்குக் காசு கொடுத்து வந்து படுத்திருக்கிறார்கள்.

வெயில் ஏறினால் பழம் சூடாகி வாசம் போய்விடும் என்று விடியுமுன்னமே வெட்டத் தொடங்குவார்கள். அண்ணா என் கையிலும் ஒரு கத்தரிக்கோலைத் தந்தார். முதலாவது குலையோடு என் விரலையும் சேர்த்து வெட்டினேன். மிச்ச நாள் முழுக்கக் கட்டுப்போட்ட விரலோடு மரநிழலில் இருந்து சாப்பிட்டதுதான் என் வைன் படிப்பு. ஆனாலும் அண்ணா விடாமல் விளங்கப்படுத்தினார். பழம் கறுப்பு, சாறு வெள்ளை. நிறம் முழுக்கத் தோலில்தான் இருக்கிறது. சாறு தோலோடு நாள்கணக்காகக் கிடந்தால் சிவப்பு வைன். கொஞ்ச மணித்தியாலத்திலேயே பிழிந்து பிரித்துவிட்டால் இளம் ரோஸ் நிறம். அதற்குப் பெயர் ரோஸே. அந்தப் பக்கத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். சாற்றைக் குளிர்த் தாங்கிகளில் (ஆள் உயர உருக்குத் தொட்டிகள்) விட்டு நொதிக்க வைப்பார்கள். தாங்கியில் காதை வைத்து, "கேள், உள்ளுக்குக் கதைக்குது" என்றார் அண்ணா. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஓம் என்று தலையாட்டினேன்.

வெளிக்கிடும்போது ரயில் நிலையத்தில் வைத்து ஒரு போத்தில் தந்தார். அதற்கு முந்தின வருஷம் அவரே வெட்டிய பழத்தில் செய்தது. வெள்ளைக் கண்ணாடிப் போத்தில், உள்ளே ரோசாப்பூத் தண்ணீர் மாதிரி ஒரு நிறம். ஏதோ சொல்லிக்கொண்டுதான் தந்தார். நான் பெட்டிகள் எல்லாம் ஏறிவிட்டனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு நல்ல சாமான் வந்தால் அதைப் பாவிப்பது அவமரியாதை. அது போக வேண்டிய இடம் ஹோலில் இருக்கிற ஷோகேஸ். என் மனைவி சுகந்தியின் சீதனத்தோடு வந்த பீங்கான் தேநீர்க் கோப்பைகள் (அதில் இன்றுவரை ஒரு சொட்டுத் தேநீர் ஊற்றவில்லை), பொலித்தீன் உறை கழற்றாத ஒரு பொம்மை, மகன் ஓட்டப்போட்டியில் வாங்கிய கிண்ணங்கள், இவற்றுக்கெல்லாம் நடுவில் போத்திலை நிமிர்த்தி வைத்தேன். எதிரே மேற்குப் பக்க யன்னல். பின்னேர வெயில் நேரே வந்து போத்திலில் விழும். ஹோலே ரோஸ் நிறமாகும். நான் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி இருப்பேன்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நான் காலுக்குமேல் கால் போட்டுத் தொடங்குவேன். பழம் கறுப்பு, சாறு வெள்ளை என்று வந்து, தாங்கியின் கதையைச் சொல்லி (இப்போது எனக்கு அது நன்றாகவே கேட்டிருந்தது), கடைசியில், "வைன் எண்டது பழசாகப் பழசாகத்தான் அதின்ர மதிப்பு" என்று முடிப்பேன். காலப்போக்கில் ரோஸ் நிறம் மங்கி மஞ்சளாகி, பிறகு பால் விடாத பிளேன்ரீ நிறத்துக்கு வந்தது. சுகந்திதான் முதலில் கவனித்தாள்.

"இஞ்சாருங்கோ, உது நிறம் மாறுதெல்லோ?"

"முத்துது" என்றேன்.

ஊருக்குள்ளேயே உவர்மலையில் தனியாக இருந்த பெரியம்மாவுக்கு வைன் பற்றி என்னைவிடக் கூடத் தெரியும். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணா போன் எடுப்பார். பெரியம்மா ஒரே கேள்விதான் கேட்பார், "எப்ப வாறாய்?" வராததுக்குக் காரணம் முதலில் நாட்டுச் சண்டை, பிறகு விசா, பிறகு திராட்சை. ஆவணி புரட்டாசியில் கேட்டால், "வெட்டு நடக்குதம்மா." மார்கழி தையில் கேட்டால், "கவ்வாத்து நடக்குது." மாசி பங்குனியில் போத்திலில் அடைப்பு. சித்திரைக்குப் பிறகு தளிர் கட்டுவது, மருந்தடிப்பது, திரும்பவும் வெட்டு. புரோவான்ஸ் மண்ணை மிதிக்காமலே பெரியம்மா அந்தத் தோட்டத்தின் வருஷம் முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தார். "இந்தக் கிழமை கேக்கப்படாது, வெட்டு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

ஒரு ஐப்பசியில், அந்த வருஷத்து வெட்டு முடிந்து சில நாளில், நேசன் அண்ணா தோட்டத்திலேயே மாரடைப்பு வந்து விழுந்து போய்விட்டார். உடலை இங்கே கொண்டுவர வழியில்லை. பெரியம்மா மகனின் தகனத்தைப் போனில்தான் பார்த்தார். போனைப் பிடித்திருந்தவன் நான். நடுவில் சிக்னல் போய், படம் அப்படியே உறைந்து நின்றது. பெட்டியின் ஒரு மூலையும் யாரோ ஒருவரின் சப்பாத்தும் மட்டும் தெரிந்தன. பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனைத் தட்டினேன், உயர்த்தினேன், முற்றத்துக்கு மழைக்குள் ஓடினேன். திரும்பப் படம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் அழவில்லை. அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

எட்டுச் செலவுக்கு முதல்நாள் என்னைக் கூப்பிட்டார். இறந்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைக்கிற எட்டாம் நாள் அது. மீன், இறைச்சி என்று மச்சமும் உண்டு. குடிக்கிற ஆளென்றால் அதுவும் வைப்பார்கள்.

"ரமணா, அவனுக்கு கணவாய் வைப்பன், நண்டு வைப்பன். அது நான் செய்தது. அவன் தன்ர கையால செய்தது எண்டு என்னட்ட ஒண்டும் இல்லை. உன்னட்ட ஒரு போத்தில் இருக்கெல்லே?"

"ஓம் பெரியம்மா."

"அதை வைக்கவேணும். அவன் இவ்வளவு காலமும் என்ன செய்தவன் எண்டு நானும் ஒருக்காப் பாக்கவேணும்."

வேறு ஒன்றையும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. துக்கத்தோடு சேர்ந்து (உள்ளதைச் சொல்ல வேண்டும்) கொஞ்சம் பெருமையும் இருந்தது. என் நிபுணத்துவத்துக்கு முதல் முதலாக ஒரு வேலை வந்திருக்கிறது.

எட்டுச் செலவன்று காலையில் இருந்து மழை. பெரியம்மாவின் ஹோலில் அண்ணாவின் படம், மாலை, குத்துவிளக்கு, முன்னால் தலைவாழை இலை. பெரியம்மாவின் தம்பி கனகசபை மாமா முன் கதிரையில் இருந்தார். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளில் கள்ளையும் சாராயத்தையும் மணந்தும் பார்க்காதவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை. பிரான்சில் இருந்து அண்ணாவின் மகள் அனுஷா வீடியோவில் வந்திருந்தாள். போனை இலைக்குப் பக்கத்தில் ஒரு செம்பில் சாய்த்து வைத்திருந்தோம்.

நான் போத்திலைத் துவாயில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலக் கொண்டு வந்தேன். கொண்டு வந்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. கோர்க் திருகி இல்லை. ஆயிரம் சாமான் விற்கிற கடைக்காரனிடம் அது மட்டும் இல்லை. உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் இருக்கும், ஆனால் அந்த மழையில் யார் போவது? ஆள் அனுப்பிக் கடையில் இருந்து நீளமான ஸ்குரூ ஆணியும் குறடும் எடுப்பித்தேன்.

"உனக்கு இது தெரியுந்தானே?" என்றார் மாமா.

"மாமா, நான் அங்க நிண்டனான்."

ஆணியை முறுக்கி, போத்திலைத் தொடைக்கு நடுவில் இறுக்கி, குறட்டால் இழுத்தேன். ஆணி சுகமாக வந்தது. கோர்க் வரவில்லை. இத்தனை வருஷம் நிமிர்ந்து நின்றதில் காய்ந்து ரஸ்க் துண்டாகியிருந்தது. திரும்ப முறுக்க, தூள் தூளாகக் கொட்டியது. ஊதினேன். தூள் இலையில் இருந்த கணவாய்க் கறிக்குள் போனது. சுகந்தி கண்ணால் கெஞ்சினாள், விட்டுவிடுங்கோ என்று. நிபுணன் விடுவானா? அகப்பைக் காம்பை வாங்கி, மிச்சக் கோர்க்கை உள்ளே தள்ளிவிடலாம் என்று முழுப் பலத்தோடும் ஒரு குத்துக் குத்தினேன்.

உள்ளே போனது கோர்க். வெளியே வந்தது வைன். ஒரு பாய்ச்சல் என் முகத்தில், மிச்சம் எல்லாம் மாமாவின் மேல். வெள்ளை வேட்டியில் மடியில் இருந்து முழங்கால் வரை மண்ணிறம். மாமா எழும்பவும் இல்லை, கத்தவும் இல்லை. தன் வேட்டியைக் குனிந்து பார்த்தபடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டார்.

"இது என்னது?"

அப்போதுதான் எனக்கும் மணந்தது. என் கடையில் பழைய வார்னிஷ் தகரத்தைத் திறந்தால் வருகிற மணம். அதோடு கொஞ்சம் வினாகிரி, கொஞ்சம் அழுகின அப்பிள். வாயோரம் வழிந்ததை நக்கிப் பார்த்தேன். புளிப்பு காதுவரை ஏறியது. இது செத்துப்போன சாமான் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கு தம்பி?"

"அருமை பெரியம்மா. பழசான வைன் இப்பிடித்தான். இதுக்குத்தான் அங்க காசு."

செம்பில் சாய்ந்திருந்த போனில் இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "சித்தப்பா, போத்திலைக் காட்டுங்கோ."

காட்டினேன். (ஏன் காட்டினேன் என்று இன்றுவரை என்னையே கேட்கிறேன்.) அனுஷா முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டு வந்தாள்.

"ஐயோ சித்தப்பா, அது குடிக்க ஏலாது. ரோஸே வைக்கிற வைன் இல்லை. செய்து, அடுத்த வெயில் காலத்தோட குடிச்சு முடிக்கவேணும். வெளிச்சத்திலயும் வைக்கப்படாது. அப்பா உங்களுக்குச் சொல்லேல்லையா?"

சொல்லியிருந்தார். ரயில் நிலையத்தில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது இதுதான். "போன உடன குடிச்சுப்போடு, வைச்சிருக்காத." அத்தனை வருஷம் கழித்து, அந்த ஹோலில், அவ்வளவு சனத்துக்கு முன்னால் அது அப்படியே என் காதில் கேட்டது. அதே குரல்.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "காலங்கடந்த பெயின்ற் விக்கிறவனிட்டப் போய் நேசன் வைனைக் குடுத்திருக்கிறான்." பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். செத்த வீட்டுச் சிரிப்பு அடக்க அடக்கத்தான் வரும். ஒருவர் இருமினார், இன்னொருவர் குசினிக்குள் ஓடினார். எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்று இருந்தது.

பெரியம்மா சிரிக்கவில்லை. என் கையில் இருந்து போத்திலை வாங்கினார். மணந்து பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய்க் குசினி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்.

"என்ர பிள்ளை கெட்டதைச் செய்திருக்க மாட்டான். கெட்டுப்போனதை அவனுக்கு வைக்கவும் மாட்டன்."

ஒரு கோப்பை பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் வைத்தார். "அண்டைக்கு நாட்டை விட்டு வெளிக்கிடேக்க இதைத்தான் குடிச்சிட்டுப் போனவன்" என்றார். அப்போதுதான், அந்த எட்டு நாளில் முதல் முதலாக, அழுதார். கணவாய்க்குள் கிடந்த கோர்க் தூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியபடி அழுதார். நான் குந்தியிருந்து கூடச் சேர்ந்து பொறுக்கினேன். என் கையைத் தட்டிவிட்டார்.

படைத்துவிட்டு, அண்ணா வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி எல்லாரும் விறாந்தைக்கு வந்தோம். சனம் மாமாவின் வேட்டியைப் பார்ப்பதும் மறுபக்கம் திரும்புவதுமாக இருந்தது. எனக்கு அண்ணாவை நினைத்துத் தாங்க முடியவில்லை. மனுஷன் நான் குடிப்பேன் என்று நினைத்துத் தந்தார். நான் அதை ஊருக்குக் காட்டத்தான் வைத்திருந்தேன். பிரான்சில் ஒரு அண்ணா இருக்கிறார் என்று சொல்வதில் இருந்த சந்தோசம், அந்த அண்ணாவுக்கு ஒரு போன் எடுப்பதில் எனக்கு இருக்கவில்லை. குனிந்து இருந்து அழுதேன். மாமா தன் சால்வையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அதிலும் வைன் மணம்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை இப்போதும் கலியாண வீடுகளில் சொல்லுகிறார்கள். வேட்டியில் வைன் பாய்கிற இடத்தில் மாமாவே எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். யாராவது எனக்கு ஒரு சாமான் தந்தால், "அவனிட்டக் குடுக்காதையுங்கோ, வெயில்ல வைச்சுப்போடுவான்" என்று நாலு பேர் ஒன்றாகச் சொல்வார்கள். பொரித்த மீன் ஒரு துண்டு சாப்பாட்டுக் கோப்பையில் மிஞ்சினாலும், "என்ன, முத்த விட்டிருக்கிறியோ?" என்று கேட்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கூடச் சொல்வார்கள்.

ஆனால் அவர்கள் சொல்லும்போது கதை அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை.

அன்றைக்குக் கதவைத் திறந்து உள்ளே போனபோது, போனில் அனுஷா இன்னும் இருந்தாள். பெரியம்மா அவளிடம் கேட்டார், "பிள்ளை, உன்ர அப்பா இந்த முறை வெட்டினது என்ன ஆச்சு?"

"அது தாங்கியில இருக்கு அப்பம்மா. இன்னும் வைன் ஆகேல்லை. மாசியில போத்திலில விடுவினம்."

பெரியம்மா விரல் மடித்து எதையோ பார்த்தார். "ஓம், மாசி பங்குனிதான் அடைப்பு" என்றார்.

அடுத்த ஐப்பசியில், வருஷம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு அனுஷா வந்தாள். பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி ஒரு போத்தில், மாசியில் அடைத்தது. நான் வாசலில் நிற்கும்போதே சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் ஏதும் உதவி செய்துவிடுவேனோ என்று. அனுஷா கோர்க் திருகியும் கொண்டு வந்திருந்தாள். ஒரு திருகு, ஒரு இழுப்பு, சத்தமே இல்லை.

"திவசம் முடியட்டுமே அக்கா" என்றார் மாமா.

"இனியும் வைச்சிருக்கிறதோ?" என்ற பெரியம்மா, தண்ணீர் குடிக்கிற கிளாசை நீட்டினார். "அவன் குடிச்ச சாமான்தானே. எனக்கு விடு."

அந்த நிறம். ஷோகேஸில் வைத்த முதல் நாள் நான் பார்த்த அதே நிறம். பெரியம்மா முதலில் கிளாசைக் காதோடு வைத்துப் பார்த்தார். (தாங்கிக் கதையை அண்ணா அவருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.) பிறகு ஒரு மிடறு குடித்தார். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அனுஷாவின் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார். "இதுக்கோ பிள்ளை அவன் அங்க நிண்டவன்?"

வைன் நிபுணனான நான் குனிந்து போத்திலின் லேபிளை வாசிக்கத் தொடங்கினேன். பெரியம்மா கிளாசில் இருந்ததை ஒரு சொட்டும் விடாமல் குடித்தார். அன்று பின்னேரத்துக்குள் போத்தில் முடிந்தது. மாமா கூட ஒரு கரண்டி விழுங்கி முகத்தைச் சுளித்தார்.

திரும்பிப் போகிற அன்று அனுஷா பெரியம்மாவைக் கட்டிப் பிடித்து, "அடுத்த வருஷமும் ஒரு போத்தில் கொண்டு வாறன் அப்பம்மா" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை" என்றார் பெரியம்மா. "அது வேற ஆரோ வெட்டினதெல்லோ."